உயிரோடு உள்ள பிள்ளைகள்

முதல் பிரசவமா என்று சிஸ்டர் கேட்டதற்கு அத்தைதான் பதில் சொன்னாள். ஆமா சிஸ்டர், தலைப்பிள்ளை, கல்யாணமாகி மூணு வருசம் கழிச்சுத் தங்கியிருக்கு, நல்லபடியாப் பாத்துக்கிடுங்க என்று சொல்லி என் தலையைத் தடவினாள். சிஸ்டர் அட்டையில் என்னவோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். இடுப்பு உயரத்துக்கு வெள்ளை ஓடு பதித்த சுவர், அதற்கு மேல் பச்சைப் பெயிண்ட், ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு ஓடு மட்டும் விழுந்து சிமிண்டு தெரிகிறது. வலி வரும்போது அந்தச் சிமிண்டைப் பார், வேறெதையும் நினைக்காதே. காலை ஏழு மணியிலிருந்து அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வலி கீழ்முதுகில் கிளம்புகிறது, இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு வருகிறது, அடிவயிற்றில் வந்து முடிச்சுப் போடுகிறது, பிறகு யாரோ அவிழ்த்து விட்டதுபோலப் போய்விடுகிறது. எங்கே கிளம்பும், எங்கே வந்து முடியும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதவள் மாதிரிப் படுத்திருக்க வேண்டும், அதுதான் வலியைவிடக் கஷ்டமாக இருக்கிறது. அத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கிறாள். இப்ப வாரது சும்மா முன்னவலிதான் தாயி, நேரம் ஆக ஆகத்தான் நெருக்கும், தலைப்பிள்ளைக்கு அப்படித்தான், பயப்படாத, நான் நாலு பெத்தவ சொல்லுதேன். நான் தலையை ஆட்டுகிறேன். அத்தையின் கை சொரசொரவென்று இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸில் இருபது வருடம் குச்சி அடுக்கிய கை. அந்தக் கை என் நெற்றியில் இருக்கும்போது எனக்கு அழுகை வருகிறது, வலியால் அழுகிறேன் என்று நினைத்து இன்னும் அழுத்தித் தடவுகிறாள். நல்லவள் அத்தை. கொஞ்சம் கெட்டவளாக இருந்திருக்கக் கூடாதா.

ஒருத்தரைத்தான் கூட விடுவோம் என்று வாசலில் சொன்னார்கள். அம்மாதான் வருவாள் என்று நினைத்தேன். ஆனால் அம்மா ஒரு நிமிடம் தயங்கினாள், அதற்குள் அத்தை, சம்பந்தி, ஒங்களுக்கு ரத்தத்தப் பாத்தா மயக்கம் வரும்பீகளே, நான் போறேன் என்று பையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும் என்று அம்மா எப்போது சொன்னாளோ. சொல்லியிருப்பாள், எதையாவது மறைக்கச் சொல்லியிருப்பாள். கதவு சாத்தும்போது என்னைப் பார்த்தாள். சொல்லிராத என்று அந்தப் பார்வை சொன்னது. எட்டு வருடமாக எனக்குப் பழக்கமான பார்வை அது. கோயிலில், கல்யாண வீட்டில், பெண் பார்க்க வந்த அன்று தட்டை நீட்டும்போது, எங்கே பார்த்தாலும் அதே பார்வை. இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, செண்பகவல்லித் தாயே என்று முனகிக்கொண்டு. அந்தத் தாயின் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் பேச்சிமுத்து அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பார். இன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார், மின்வாரியத்தில் லைன்மேன், கம்பத்தில் ஏறுகிற ஆள், நேற்று என் வயிற்றில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு, உள்ள யாரோ ஸ்விட்சப் போட்டுப் போட்டு அமத்துதாப்பல இருக்கு என்று சொன்னார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது அந்த டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது. என்ன, என்றார். ஒன்றுமில்லை, உதைக்கிறது என்றேன்.

அந்த டாக்டரம்மாவின் முகம்கூட மறந்துவிட்டது. வெள்ளை முடி, மூக்குக் கண்ணாடி, அவ்வளவுதான். ஆனால் குரல் அப்படியே இருக்கிறது. அடுத்த பிரசவம் எப்ப நடந்தாலும், எங்க நடந்தாலும், இதை முதல்ல சொல்லிடணும்மா, சொல்லாம இருந்துடாதே. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அடுத்த பிரசவம் என்ற சொல்லே அசிங்கமாகப் பட்டது. கல்லூரியில் இரண்டாம் வருடம், சாயங்காலம் டைப் படிக்கப் போன இடத்தில் ஒருவன், அவனைப் பற்றி நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன், அவன் பஹ்ரைன் போய்விட்டான், அதோடு சரி. அப்பா இல்லாத வீடு. தையல் டீச்சர் படிப்புக்குப் போயிருக்கிறாள் என்று அம்மா தெருவில் சொல்லிவிட்டு, ஐந்து மணி நேரம் பஸ்ஸில் கூட்டிப்போய், மடத்துச் சிஸ்டர்கள் நடத்திய ஒரு இல்லத்தில் என்னை விட்டுவிட்டு வந்தாள். ஐந்து மாதம் அங்கே இருந்தேன். மெழுகுதிரி செய்தோம், அரிசி புடைத்தோம், யாரும் யாருடைய ஊரையும் கேட்க மாட்டோம். வலி வந்தது ஒரு மழைநாள் காலையில். அப்போது வலி எங்கே கிளம்பும் என்று எனக்குத் தெரியாது, இதுதான் வலி என்றுகூடத் தெரியாமல் வாயு என்று நினைத்துச் சுடுதண்ணீர் குடித்தேன். இல்லத்துக்குள்ளேயே இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பதினாறு மணி நேரம். பக்கத்தில் யாரும் தலையைத் தடவவில்லை. லீமா என்ற சிஸ்டர் மட்டும் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். நான் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தேன், அவள் அதை எடுத்துவிட்டு, கத்து, இங்க யாருக்கும் நீ பயப்பட வேண்டாம் என்று சொன்னாள். கத்தினேன். அம்மா என்று கத்தவில்லை, வெறுமே கத்தினேன். இன்றைக்கு அப்படிக் கத்த முடியாது. இன்றைக்கு என்னைச் சுற்றி எல்லோரும் இருக்கிறார்கள், வெளியே வீட்டுக்காரர், அம்மா, நாத்தனார் ஃபோன் மேல் ஃபோன் போடுகிறாள், ஆனால் அன்றைக்கு இருந்ததைவிட இன்றைக்குத்தான் தனியாக இருக்கிறேன். அன்றைக்கு ஒரு பொய்யும் இல்லை. இருந்தவர்கள் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

வருகிறது, மறுபடியும் வருகிறது, சிமிண்டு, சிமிண்டைப் பார். மூச்ச இழுத்து விடு தாயி, அத்தை சொல்கிறாள். முன்னைவிடச் சீக்கிரம் வருகிறது. சிஸ்டர் கையுறை மாட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினாள். அவள் பெயர் ஜெபராணி, சட்டையில் குத்தியிருக்கிறது. பரவாயில்லையே, தலைப்பிரசவம்னு சொல்றீங்க, இவ்வளவு சீக்கிரமா கர்ப்பவாய் திறந்திருக்கே என்றாள். அத்தைக்குப் பெருமை. எங்க வீட்டுல எல்லாருக்கும் அப்படித்தான் சிஸ்டர், நான் பேச்சிமுத்த மூணு மணி நேரத்துல பெத்துட்டேன் என்றாள். அவர் வழியாக எனக்கு எப்படி வரும் அத்தை. சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தாள், நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது சுலபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உடம்புக்குச் சுலபம்தான். வழி தெரிந்த உடம்பு, முன்னாலேயே திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது, மூடி மறைக்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பிள்ளை வந்த பிறகுதான் கெட்டது நடந்தது. நஞ்சுக்கொடி வரவில்லை. அரை மணி நேரம் காத்திருந்தார்கள், வயிற்றை அமுக்கினார்கள், அப்புறம் ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. காலுக்குக் கீழே சூடாக ஏதோ பரவியது, நான் ஒன்றுக்குப் போய்விட்டேன் என்று நினைத்து வெட்கப்பட்டேன். டாக்டரம்மா முழங்கைவரை கையை உள்ளே விட்டு எடுத்தாள். கூரையில் இருந்த ஃபேன் மெதுவாகச் சுற்றி, தூரமாகப் போய், புள்ளியாகிவிட்டது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்களாம், அதில் ஒன்று இல்லத்துத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் வந்து கொடுத்ததாம். கண் விழித்தபோது பிள்ளை அங்கே இல்லை. பார்க்காமல் இருப்பது நல்லது என்று முதலிலேயே பேசி வைத்திருந்தார்கள். வந்தவுடன் அழுதது, அதைக் கேட்டேன். துணியில் சுற்றித் தூக்கிப் போகும்போது ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தேன். சிவந்த உள்ளங்கால், சுருக்கம் சுருக்கமாக. பெண் பிள்ளை என்று லீமா சிஸ்டர் சொன்னாள். அவ்வளவுதான் என்னிடம் இருப்பது, ஒரு அழுகை, ஒரு கால், ஒரு வார்த்தை. மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு மார் கல்லாகிவிட்டது. ஈரத்துணியை வைத்து இறுக்கக் கட்டினார்கள். கட்டியதையும் மீறி வடிந்தது.

அறுபது நாளைக்குள் மனசு மாறினால் வரலாம், அதுவரைக்கும் யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்று, பிள்ளையைத் தத்துக் கொடுக்கக் கையெழுத்துப் போட்ட அன்று ஒரு அதிகாரி நிதானமாக இரண்டு தடவை சொன்னார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து எண்ணிக்கொண்டே இருந்தேன். காலண்டரில் எதுவும் குறிக்கவில்லை, விரல் கணுவிலேயே எண்ணினேன். ஐம்பத்தெட்டாம் நாள் காலையில் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மதுரை போய் மாறித்தான் அந்த இல்லத்துக்குப் போக வேண்டும், மதுரை பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை, பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன், அடுத்த பஸ்ஸில் ஏறலாம் என்று. அம்மா எப்படிக் கண்டுபிடித்தாளோ, வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டவில்லை, அழவில்லை, கையைக்கூடப் பிடிக்கவில்லை. அடுத்த பஸ் வந்தது, போனது. அதற்கு அடுத்ததும் போனது. வெயில் காலுக்கு வந்தபோது, சோறு ஆக்கணும், எந்திரி என்றாள். எழுந்தேன். அம்மா தடுத்தாள் என்று இத்தனை வருடமாக எனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் தடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். எழுந்து நடந்தது நான்தான்.

இந்த எட்டு மாதத்தில் எத்தனை தடவை செக்கப்புக்குப் போனேன், ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்தது. அத்தை கூடவே வருவாள், அட்டையை அவள்தான் மஞ்சள் பையில் போட்டு வைத்திருப்பாள். அம்மாவிடம் சொன்னேன், டாக்டரம்மா கண்டிப்பாச் சொல்லணும்னு சொன்னாங்கம்மா என்று. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. ஒரு தடவை அப்படி ஆச்சுன்னா மறுதடவையும் ஆகும்னு இருக்கா, நீயா வாயத் தொறந்து ஒன் குடித்தனத்தக் கெடுத்துக்கிடாத என்றாள். அவள் சொன்னதும் சரிதானே என்று தோன்றியது. தோன்றிவிட்டு, அன்று சாயங்காலமே, ஃபேன் புள்ளியாகிப் போனது ஞாபகம் வந்து உடம்பெல்லாம் குளிர்ந்தது. இப்போதும் குளிர்கிறது. காலுக்குக் கீழே சூடு பரவினால் இவர்களுக்கு என்ன தெரியும். தலைப்பிரசவம், சின்ன வயசு, ஒன்றும் ஆகாது என்று நின்றுகொண்டிருப்பார்கள். ரத்தம் எங்கே இருக்கிறது என்று ஓடுவதற்குள். நான் செத்துப்போவேனா. செத்துப்போனால் அத்தை இந்தப் பிள்ளையை வளர்ப்பாள், நன்றாகவே வளர்ப்பாள். ஆனால் இதுவும் தாயைப் பார்க்காத பிள்ளையாக அல்லவா வளரும். ஒன்றைக் கையெழுத்துப் போட்டு விட்டேன், இன்னொன்றை வாயை மூடிக்கொண்டிருந்தே விடப்போகிறேனா. இந்த நினைப்பு வந்ததும் வேறு எந்த நினைப்பும் நிற்கவில்லை. அத்தை, நாக்கு வறளுது, வெந்நி வாங்கிட்டு வாங்களேன் என்றேன். இந்தா வாரேன் தாயி என்று ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு திரையை விலக்கிப் போனாள். சிஸ்டர் என்று கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன்.

ஜெபராணி சிஸ்டர் குனிந்தாள். வலி வருகிற சமயம், வந்துவிட்டால் சொல்ல முடியாது, அதனால் மூச்சு விடாமல் சொன்னேன். "சிஸ்டர், இது எனக்கு ரெண்டாவது." அவள் ஆச்சரியப்படவில்லை. கோபப்பட்ட மாதிரிதான் இருந்தது. முன்னாடியே ஏன் சொல்லவில்லை, எந்த வருடம், சுகப்பிரசவமா, ஆபரேஷனா என்று கேட்டாள். நஞ்சு தங்கியது, ரத்தம் போனது, கையை விட்டு எடுத்தது, இரண்டு பாட்டில் ஏற்றியது, எல்லாம் சொன்னேன். வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்றாள். தெரியாது. கூட இருக்கிற அம்மாவுக்கு? அத்தைக்கும் தெரியாது என்று தலையை ஆட்டினேன். சிஸ்டர் திரும்பி டாக்டரைக் கூப்பிடச் சொல்லி ஒருத்தியை அனுப்பினாள், ரத்தம் இரண்டு யூனிட் ஏற்பாடு பண்ணச் சொன்னாள், வெளியே கேட்டால் ரத்த அளவு கம்மி என்று மட்டும் சொல்லு என்று சொன்னாள். அது என் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகச் சொன்ன மாதிரி இருந்தது. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, ஒரு தாளில் கட்டம் கட்டமாக எழுத ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், எல்லோரிடமும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"முதப் பிள்ளை உயிரோட இருக்கா?"

எட்டு வருடத்தில் இந்தக் கேள்வியை நான் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. பேனா, உயிரோடு உள்ள பிள்ளைகள் என்று போட்ட கட்டத்தின் மேல் நிற்கிறது. ஆமாம் என்று சொல்லவா. ஆமாம் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, சொன்னால் அப்படியே ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது. "தெரியல சிஸ்டர்" என்றேன். அவள் நிமிர்ந்தாள். முதல் தடவையாக என்னை உற்றுப் பார்த்தாள். தெரியலைன்னு எழுத இதுல இடமில்லம்மா என்று மெதுவாகச் சொன்னாள். அந்தக் கட்டத்தில் ஒன்று என்று எழுதினாள். அவள் எழுதியதும் வலி வந்துவிட்டது, இது முன்னவலி இல்லை, இது தள்ளுகிற வலி, என்னைக் கேட்காமலே உடம்பு தள்ளுகிறது. சிஸ்டர் யார் யாரையோ கூப்பிடுகிறாள், அத்தை வந்துவிட்டாள், ஃபிளாஸ்க்கை எங்கே வைத்தாள், அத்தை, அத்தை, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிடித்துக்கொண்டாள். ஆனால் வாயே திறக்கவில்லை, மூச்சை இழு என்றுகூடச் சொல்லவில்லை. சிமிண்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை. நான் கத்தினேன், அன்றைக்குப் போலவே வெறுமே கத்தினேன். பன்னிரண்டே முக்காலுக்குப் பிறந்துவிட்டது. இதுவும் பெண். துணியில் சுற்றவில்லை, ஈரத்தோடு அப்படியே என் நெஞ்சில் வைத்தார்கள். முகம், தலைமுடி, காது, கை, எல்லாம் இருந்தது, எல்லாவற்றையும் பார்க்கலாம், யாரும் கொண்டுபோகவில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலைத் தேடினேன்.

அப்புறம் நஞ்சு வரவில்லை. டாக்டர் கையுறை மாட்டித் தயாராக நின்றார், ஊசி ஏறிக்கொண்டிருந்தது, ரத்தப் பை கம்பியில் தொங்கியது. சூடு பரவியது, ஃபேன் தூரமாகப் போகப் பார்த்தது, ஆனால் புள்ளியாவதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது. சொல்லாம இருந்திருந்தா இன்னிக்குக் கைமீறிப் போயிருக்கும் என்று டாக்டர் சிஸ்டரிடம் சொன்னது கேட்டது. அத்தை சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

இப்போது மணி மூன்றரை இருக்கும். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பேச்சிமுத்து வந்து பார்த்துவிட்டுப் போனார், பிள்ளையைத் தொடப் பயந்து ஒரு விரலை மட்டும் நீட்டினார், அது பிடித்துக்கொண்டது, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் ரத்தம்தான் ஒரு பையில் வந்ததாம், அதைப் பெரிதாகச் சொல்லிக்கொண்டார். அம்மா வந்தாள், என் முகத்தையும் அத்தை முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள், மாத்திரை வாங்கி வருகிறேன் என்று அவரோடு வெளியே போய்விட்டாள். அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஃபிளாஸ்க்கின் அடியில் காலையிலிருந்து மிச்சமிருந்த வெந்நீரை டம்ளரில் ஊற்றி, ஆறிப்போயிட்டு என்று ஓரமாக வைத்தாள். கீழே குழாயில தண்ணி வரல, அதனாலதான் பாதியில திரும்பி வந்தேன் என்றாள். ஆயாம்மாட்ட வாங்கிக்கிடலாம்னு. எனக்குப் புரிந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரம் நின்றிருக்கிறாள். எல்லாமும் கேட்டிருக்கிறாள். அத்தை, என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். எங்கிட்ட இப்படி மறச்சிட்டீகளே ரெண்டு பேரும் என்றாள். குரல் உயரவில்லை. நீ செத்திருந்தா நான் எங்க போய்ச் சொல்லி அழுவேன், எனக்கு மனசு ஆறல, இப்ப ஆறவும் செய்யாது, ஆனா முத்துட்ட என் வாயால சொல்ல மாட்டேன், நீ சொன்னாத்தான் உண்டு என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த முதுகு இனி என்னிடம் பழைய மாதிரித் திரும்பாது என்று நினைத்தேன். அப்போது திரும்பாமலே கேட்டாள்.

"அது என்ன பிள்ளை?"

"பொம்பளப்பிள்ளை அத்தை."

அவள் விரல் மடக்குவது தெரிந்தது. கட்டை விரலை ஒவ்வொரு கணுவாக நகர்த்தினாள். "எட்டு வயசுன்னா மூணாங் கிளாஸ் படிக்கும்" என்றாள், யாரோ தெரிந்தவர் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. இதுவரைக்கும் என்னிடம் இருந்தது ஒரு உள்ளங்கால். அதற்கு வயதே ஆனதில்லை, எட்டு வருடமும் அப்படியே சிவந்து, சுருங்கி, துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்பு என்றால் முன்பல் விழுந்து முளைத்திருக்கும். வாய்ப்பாடு சொல்லும். தலை பின்னிவிட யாரோ ஒருத்தி சீப்போடு பின்னால் உட்கார்ந்திருப்பாள், இழுக்காதம்மா, வலிக்குது என்று அவளிடம் சொல்லும். மழைக்குச் சளி பிடிக்கும். இந்நேரம் பள்ளிக்கூடம் விடப் போகிற நேரம், பையை மாட்டிக்கொண்டு மணிக்காக உட்கார்ந்திருக்கும். எந்த ஊரில். வெயிலா அங்கே, மழையா. பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. அத்தை எழுந்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல், பிள்ளையைத் தூக்கி என் கைமடிப்பில் வைத்தாள். "இவ எவ்வளவு நேரமா அழுதுக்கிட்டிருக்கா பாரு, இவளுக்குக் குடு முதல்ல" என்றாள்.